பேட்டையிலிருந்து பட்டினம் வரைக்கும்

செமஸ்டர் நடுவில் வரலாற்றுப் பாடமா என்று ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது, ரெக்கார்டு நோட்டும் எழுத வேண்டாம். முதலியார்பேட்டையில் ஏறி தெற்கே போகிற ஒரு பஸ்ஸும், ஜன்னலோர சீட்டும் இருந்தால் போதும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் நம்ம அரிக்கமேட்டுக்கு நேரில் வந்தார், வந்து சாமி கும்பிட்டார், அதற்கு 'ஆதாரமாக' அவர் முகம் பதித்த கல் கிடைத்திருக்கிறது என்று அதில் இருந்தது. கீழே ஒரு செங்கல் சுவரின் படம், 'ரோமானியர் கட்டிய சுவர்' என்ற வரியோடு. எங்கள் குரூப்பில் பதினைந்து பேர் கை தட்டினார்கள். ஒரு ஜூனியர் மட்டும் "அண்ணா, இது நிஜமா?" என்று தனியாகக் கேட்டான். அந்த ஃபார்வர்டில் கால்வாசி நிஜம், மீதி பொய். பொய் அப்படிக் கால்வாசி நிஜத்தோடு கலந்து வந்தால் பிரிப்பது சிரமம். அவனுக்குச் சொன்ன பதில்தான் கொஞ்சம் வளர்ந்து இங்கே வந்திருக்கிறது.

முதலில் பஸ் போர்டைப் படிப்போம். கடலூர் சாலையில் தெற்கே போனால் முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டி இடதுபக்கம் கடல் நோக்கித் திரும்பினால் காக்காயந்தோப்பு, அரிக்கமேடு, வீராம்பட்டினம். பேட்டை, பாக்கம், குப்பம், தோப்பு, மேடு, பட்டினம். ஆறு ஊர்ப் பெயர், ஆறு விதமான வால். பேட்டை என்றால் நகரத்துக்கு வெளியே சந்தையும் தொழிலுமாக வளர்ந்த பகுதி. பாக்கம் கடலோரச் சிற்றூர். குப்பம் சின்னக் குடியிருப்பு, பெரும்பாலும் மீனவர்களுடையது. பட்டினம் துறைமுக நகரம். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் அப்படித்தான். இப்போது கேள்வி: வீராம்பட்டினம் இன்றைக்கு ஒரு மீனவர் கிராமம். கப்பல் எதுவும் வந்து நிற்பதில்லை. அப்புறம் எப்படி அதன் பெயரில் 'பட்டினம்' ஒட்டிக்கொண்டது? பக்கத்திலேயே ஒரு 'மேடு' இருக்கிறதே, தட்டையான ஆற்றங்கரையில் மேடு எங்கிருந்து வந்தது?

தானாக மண் குவிந்து மேடாகவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் ஒரே இடத்தில் வீடு கட்டி, இடிந்து, அதன்மேலேயே மறுபடி கட்டினால் தரைமட்டம் உயரும். நம்ம ஊர்ப் பெயர்களில் 'மேடு' என்று வந்தால் தொல்லியல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதற்கு இதுதான் காரணம். அரிக்கமேடு என்ற பெயருக்கே இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். 'அருகன் மேடு' என்பது ஒன்று, ஆறு அரித்துக்கொண்டே போகிற மேடு என்பது இன்னொன்று. நேரில் போய் அரியாங்குப்பம் ஆற்றின் கரையைப் பார்த்தால் இரண்டாவது விளக்கத்தை நம்பத் தோன்றும். கரைச்சரிவில் பானை ஓடுகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

இனி அந்த அகஸ்டஸ் கதை. 1937இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் இந்த மேட்டில் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் வண்ணக் கற்களையும் வாங்கினார். மழை பெய்து மண் கரைந்தால் அங்கே மணிகள் மேலே வந்து கிடக்கும், பசங்களுக்கு அது விளையாட்டுச் சாமான். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, செதுக்கிய முகம் உள்ள ஒரு கல். அது அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். இவ்வளவுதான் நிஜம். நம்ம பாக்கெட்டில் காந்தி படம் போட்ட நோட்டு இருப்பதால் காந்தி நம்ம ரூமுக்கு வந்தார் என்று சொல்ல முடியுமா? பொருள் பயணம் செய்தது, ஆள் வந்ததற்கு அது சாட்சி இல்லை. அந்தக் காலத்துக் கண்டுபிடிப்புகளில் சில பிரெஞ்சு இந்தோசீனாவின் ஹனோய்க்குப் போய்விட்டன என்பது தனி வருத்தம்.

1941இல் ஃபோஷோ, சுர்லோ என்ற இரண்டு பேர் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். 1944இல் மார்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு அலமாரியில் நீண்ட கழுத்தும் கைப்பிடியும் கொண்ட மண்ஜாடியின் துண்டு கண்ணில் பட்டது. அது ஆம்போரா, மத்தியதரைக் கடல் பகுதியில் மதுவும் எண்ணெயும் ஏற்றிய ஜாடி. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால் புதுச்சேரி பக்கம் என்றார்கள். மனுஷன் கிளம்பி வந்துவிட்டார். 1945இல் மாணவர்களை வைத்துக்கொண்டு முறையாக அகழ்ந்தார். பிரெஞ்சுக்காரர் மண்ணில், ஆங்கிலேயர் அரசின் அதிகாரி, உலகப் போர் முடியாத வருஷத்தில்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க, குறிப்பாக சிவில் டிபார்ட்மென்ட்காரர்கள். அந்தக் காலத்தில் தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. தோண்டினால் பானை கிடைக்கும், தாழி கிடைக்கும், ஆனால் எந்த நூற்றாண்டு என்று சொல்ல வழி இல்லை. எது மேலே, எது கீழே என்று மண்ணடுக்கு சொல்லும். வருஷம் சொல்லாது. கார்பன் வைத்துக் காலம் கணிக்கிற முறை அப்போது வரவில்லை. சர்வே லேபில் நினைச்சுப் பாருங்க. இரண்டு புள்ளிக்கு நடுவே உயர வித்தியாசம் எடுத்துவிடலாம், ஆனால் பெஞ்ச் மார்க் ஒன்று இல்லாமல் ரெடியூஸ்டு லெவல் போட முடியாது இல்லையா? தென்னிந்தியாவுக்கு அந்த பெஞ்ச் மார்க் கிடைத்த இடம் அரிக்கமேடு.

எப்படி? இத்தாலியில் அரெட்சோ என்ற ஊரில் பளபளப்பான சிவப்பு மட்பாண்டம் செய்தார்கள். செய்தவர் தன் பெயரை அடியில் முத்திரையாகக் குத்துவார். இன்றைக்கு பிராண்ட் லோகோ போடுகிற மாதிரி. எந்தப் பட்டறை எந்தக் காலத்தில் வேலை செய்தது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. அந்த முத்திரை போட்ட ஓடுகள் அரிக்கமேட்டு மண்ணடுக்கில் கிடைத்தன. அப்படியானால் அந்த அடுக்கின் காலம் தெரிந்துவிட்டது. அதே அடுக்கில் கிடந்த நம்மூர் பானைகளின் காலமும் தெரிந்துவிட்டது. அந்தப் பானை வகை வேறு எங்கே கிடைத்தாலும், இத்தாலி ஓடு அங்கே இல்லாவிட்டாலும், காலம் சொல்லலாம். வீலர் 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் அகழ்ந்தபோது இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே பெருங்கற்காலப் புதைகுழிகளுக்குக் காலம் கணித்தார். இத்தாலியக் குயவன் ஒருவன் தன் சரக்குக்குப் போட்ட முத்திரை கர்நாடகத்துக் கல்லறைகளுக்குத் தேதி கொடுத்த கதை இது. யோசிச்சா சிரிப்பு வருது, ஆனா லாஜிக் ரொம்பக் கெட்டி.

ஆனால் வீலர் சொன்னதெல்லாம் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த ஃபார்வர்டு எழுதினவர் மாதிரிதான். அவர் அரிக்கமேட்டை 'இந்தோ–ரோமன் வணிக நிலையம்' என்று எழுதினார். ரோமானியர் வந்ததால்தான் ஊரே எழுந்தது என்கிற தொனி அதில் உண்டு. 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே தலைமையில் மறுபடி அகழ்வு நடந்தது. ரோமானியச் சரக்கு வருவதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று தெரிந்தது. ரோம் வணிகம் தேய்ந்த பிறகும் ஊர் செத்துவிடவில்லை. சோழர் காலத்து நாணயமும் சீனப் பீங்கானும் கிடைத்திருக்கின்றன. அதாவது ரோம் என்பது இந்த ஊரின் வாழ்க்கையில் ஒரு அத்தியாயம் மட்டும்.

இன்னொரு திருத்தம் இதைவிட சுவாரசியம். அரிக்கமேட்டில் 'ரூலெட்டட்' என்று ஒரு வகைத் தட்டு ஏராளமாகக் கிடைக்கும். சாம்பல், கறுப்பு நிறத்தில், உள்பக்கம் புள்ளிபுள்ளியாக வளைய அலங்காரம். அதை மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்றே முதலில் நினைத்தார்கள். 1990களில் விஸ்வாஸ் கோக்டே எக்ஸ்ரே விளிம்பு விலகல் முறையில் அதன் களிமண்ணின் கனிமங்களைச் சோதித்தார். நம்ம மெட்டீரியல் சயின்ஸ் லேபில் பண்ணுகிற அதே எக்ஸ்.ஆர்.டி.தான். மண் வங்காளத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியோடு பொருந்தியது. வெளிநாட்டுத் தட்டு என்று நினைத்தது கங்கை முகத்துவாரத்திலிருந்து கப்பலேறி வந்த தட்டு! வரலாறு என்பது இப்படித்தான். நாளைக்கு வேறு சோதனை வந்தால் இதுவும் மாறலாம். மாறத் தயாராக இருப்பதுதான் அதன் அடையாளம்.

அந்த ஊரின் சொந்தத் தொழில் என்ன என்று கேட்டால், மணி. கண்ணாடியை உருக்கி உள்ளே ஓட்டை இருக்கும்படி மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவார்கள். நாம் எக்ஸ்ட்ரூஷன், டிராயிங் என்று புராசஸ் பேப்பரில் படிக்கிற விஷயத்தின் பங்காளி. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இந்த வகை மணிகளை இந்தோ–பசிபிக் மணிகள் என்று பெயரிட்டு ஊர் ஊராகத் தேடினார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் க்லோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ என்று கடல் முழுக்க இந்தத் தொழில் பரவியிருக்கிறது. ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை இந்தக் காலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளஸ் கையேட்டில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகம் வருகிறது. நடுவில் உள்ள பொதுகே இதுதான் என்று பலர் ஏற்கிறார்கள். நம்ம பக்கத்துச் சாட்சியும் உண்டு. புறநானூற்றில் நக்கீரர் பாட்டு ஒன்று யவனர் கொண்டுவந்த மதுவைப் பேசுகிறது. ஆம்போரா ஓடு கையில், பாட்டு புத்தகத்தில். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

சரி, ஃபார்வர்டில் இருந்த சுவர்? அரிக்கமேட்டுக்குப் போனால் மரங்களுக்கு நடுவே உயரமாக நிற்கிற செங்கல் சுவர்கள் உண்டு. எல்லாரும் அங்கே நின்றுதான் செல்ஃபி எடுக்கிறோம், நானும் எடுத்தேன். அது ரோமானியர் காலத்தது இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டு. சயாமில் நடந்துவந்த கத்தோலிக்க குருமடக் கல்லூரி ஒன்று போர்களால் இடம் மாறி இடம் மாறி 1770இல் வீராம்பட்டினத்துக்கு வந்தது. பிஞோ த பெஹேன் என்ற பாதிரியார் அதை நடத்தினார். மேட்டில் கிடந்த பழைய செங்கற்களும் அந்தக் கட்டடத்துக்குள் போயின. சயாம், சீனம், வியட்நாம் பக்கத்து மாணவர்கள் இங்கே தங்கிப் படித்தார்கள். அந்த மாணவர்களின் துணையோடு 1773இல் அவர் வியட்நாம்–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்து முடித்தார். வியட்நாம் மொழி வரலாற்றில் பேசப்படுகிற அகராதி அது. அதன் வேலை நடந்தது புதுச்சேரி மண்ணில். ரோமானியர் என்று பொய் சொல்லாமலே அந்தச் சுவருக்குச் சொல்ல எவ்வளவு நல்ல கதை இருக்கிறது பாருங்க. சுவாரசியத்துக்காகப் பொய் சொல்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபமே இதுதான், நிஜம் அதைவிட சுவாரசியம்.

இந்த இடத்தில் ஒரு ஏமாந்த விஞ்ஞானியைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. லே ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில், கடலில் கப்பல் ஆட்டத்திலேயே அந்தக் கடப்பு முடிந்துபோனது. ஊர் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் கீழை நாடுகளிலேயே சுற்றினார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்துகிடந்த கவர்னர் மாளிகையின் மேலேயே கூடம் கட்டித் தயாராக இருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. 1771இல் பிரான்ஸ் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். லேபில் ரீடிங் வராத நாட்களில் நான் இவரை நினைத்துக்கொள்வது உண்டு.

ஆனால் அவர் வெறும் கையோடு போகவில்லை. வீராம்பட்டினம் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து பழைய செங்கல் வருவதையும், கேட்பாரற்று உட்கார்ந்திருந்த ஒரு சிலையையும் பார்த்து எழுதி வைத்தார். அது புத்தர் என்று சரியாகவே ஊகித்தார். இன்னொன்று இன்னும் பெரிசு. புதுச்சேரியில் ஒரு தமிழர் எழுதுகோல் எடுக்காமல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமான வாய்பாட்டால் கிரகணம் கணிப்பதை அவர் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தச் சோழிக் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பிய அட்டவணைக் கணக்கு 68 வினாடி கூடியது. "பார்த்தியா, நம்மாளு ஜெயிச்சாரு" என்று உடனே ஸ்டேட்டஸ் போடாதீங்க. ஒரு கிரகணத்தை வைத்து இரண்டு முறைகளை எடைபோட முடியாது. என்னை உறுத்துவது வேறு விஷயம். லே ஜாந்தீயின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சோழி நகர்த்தியவரின் பெயரை நாம் யாரும் சொல்வதில்லை.

மேட்டிலிருந்து கடல் பக்கம் நடந்தால் வீராம்பட்டினம். இங்கே செங்கழுநீர் அம்மன். கோயிலுக்கு ஒரு கதை சொல்வார்கள். வீரராகவன் என்ற மீனவர் வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை சிக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். அடுப்பெரிக்க விறகில்லாத நாளில் அவர் மனைவி அதைக் கோடாரியால் வெட்ட, கட்டையிலிருந்து ரத்தம் வந்தது. அம்மன் கனவில் தோன்றி இடம் காட்ட, கோயில் எழுந்தது.

இதை எக்ஸ்.ஆர்.டி.யில் வைத்துச் சோதிக்க முடியாது. சோதிக்கவும் கூடாது, அது கேள்வி தப்பு. ஆயுதம் பட்டு ரத்தம் வருகிற கதை தமிழ்நாட்டில் நிறைய தலங்களில் உண்டு. திருமுல்லைவாயிலில் தொண்டைமான் யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்டியபோது லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்றில் அரசன், யானை, வாள். மற்றதில் மீனவர், வலை, விறகு, கோடாரி, அடுப்படியில் நிற்கிற ஒரு பெண். கதையின் எலும்பு ஒன்று, ஆனால் இந்த ஊர் அதில் தன் வாழ்க்கையை வைத்திருக்கிறது. தெய்வம் கடலிலிருந்து வந்தாள், அரண்மனைக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று அந்தக் கரை சொல்லிக்கொள்கிறது. புராணத்திடம் தேதி கேட்டால் பொய் சொல்லும். யார் எதைத் தங்களுடையதாக நினைத்தார்கள் என்று கேட்டால் கல்வெட்டுகூடச் சொல்லாததைச் சொல்லும்.

பண்பாடு இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது. ஆடி மாதத் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்து இழுப்பார். பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. வடம் பிடிக்கும் வழக்கம் போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். போஸ்ட் அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் மாறுகிறார். அதிகாரத்தில் யார் இருந்தாலும் எங்கள் அம்மன் முன்னால் கயிறு பிடிக்கணும் என்பது அந்த ஊரின் கணக்காக இருக்கலாம். மக்களோடு நிற்கிறோம் என்று காட்டுவது ஆள்பவரின் கணக்காக இருக்கலாம். இரண்டு கணக்கும் ஒரே கயிற்றில்.

திரும்பி வரும்போது அரியாங்குப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டையைக் கடக்கிறீர்கள். 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது முதலில் மாட்டியது அரியாங்குப்பம் கோட்டையில்தான். மேஜர் லாரன்ஸ் அங்கே பிரெஞ்சுக்காரரிடம் கைதியானார். நாட்கணக்கை வீணடித்துவிட்டு, மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள். அந்த முற்றுகையில் சின்ன அதிகாரியாக ராபர்ட் கிளைவும் இருந்தார். ஊருக்குள்ளே இருந்து இதையெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதினார். அவரும் நடுநிலை இல்லை, துய்ப்ளேயின் துபாஷ், தனக்கென்று லாபநஷ்டம் உள்ள வியாபாரி. ஆனால் அவர் எழுதியது அன்றைக்கே, நாளை என்ன நடக்கும் என்று தெரியாமலே. அதனால்தான் அதற்கு மதிப்பு.

மறுபடி முதலியார்பேட்டை. நாம் தினமும் பார்க்கிற பழைய ஏ.எஃப்.டி. மில்லின் மதில். 1898இல் தொடங்கியது, ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஞ்சாலைகளுக்கு முன்பிருந்தே புதுச்சேரியின் பெயர் நீலத்துணியில்தான் ஓடியது. அவுரிச் சாயம் ஏற்றிய 'கினே' துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே கருவேலம் பிசின் வாங்க அந்தத் துணியே பணமாக நின்றது. அரிக்கமேட்டில் கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டிகள் என்று வீலர் கருதினார். அது சரியென்றால் இந்தச் சாலையின் இரண்டு முனையிலும், இரண்டாயிரம் வருஷ இடைவெளியில், ஒரே தொழில். சரியென்றால் என்று சொல்கிறேன், கவனிங்க.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது பிரெஞ்சுக் காவல் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை வ. சுப்பையா முன்னின்று நடத்தினார். 1937 ஏப்ரல் 6 ஆணையில் வேலை நேரத்துக்கு வரம்பும் சங்கம் வைக்கும் உரிமையும் வந்தன. அதே 1937இல்தான் துப்ராய் அரிக்கமேட்டில் பசங்களிடம் மணி வாங்கிக்கொண்டிருந்தார். நாம் அந்த வருஷத்தை அகஸ்டஸ் முகத்துக்காக நினைவு வைத்திருக்கிறோம்.

1980களில் மில் புதுச்சேரி அரசின் கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல் அதைப் பலமாக அடித்தது. 2020இல் மூடியே விட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் இப்போது அறுபது, எழுபது, எண்பது வயதில் நம்ம தெருக்களில்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவரிடம் போன மாதம் பேச்சுக் கொடுத்தேன். நான் கேட்டது மெஷின் பற்றி, அவர் சொன்னது சங்கு பற்றி. மில் சங்கு ஊதினால்தான் தெருவில் அடுப்பு பற்றவைப்பார்களாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்புவார்களாம், கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் நேரம் தெரியுமாம். "சங்கு நின்ன முதல் வாரம் எனக்குத் தூக்கமே புடிபடலப்பா" என்றார். போனில் ரெக்கார்டு பண்ணட்டுமா என்று கேட்டேன். சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஆடியோ மட்டும்தான் தாத்தா என்று சொன்ன பிறகும்.

நாற்பது நிமிஷம் பேசினார். எந்த டிபார்ட்மென்ட், எத்தனை தறி, பஞ்சு தூசி, தீபாவளி போனஸ், 1936 பற்றி அவர் அப்பா சொன்னது. அப்பா சொன்னதில் இறந்தவர்கள் எண்ணிக்கை வேறு, அதை அப்படியே வைத்திருக்கிறேன், திருத்தவில்லை. ஃபைலில் தேதி, அவர் வயது, பேசிய இடம் மூன்றும் எழுதி வைத்தேன். அதைக் கேட்க வேண்டுமானால் சொல்லுங்க, அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். உங்க வீட்டிலும் மில் தாத்தா, மில் ஆயா யாராவது இருந்தால் இந்த லீவில் உட்காருங்க. தறி கணக்கு தெரியாட்டா பரவாயில்லை, சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று கேட்டு ஆரம்பிங்க. அடுத்த இதழுக்கு நான் இன்னும் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வருகிறேன். ஒருவர் நைட் ஷிஃப்ட்காரர், சாயங்காலம்தான் எழுந்திருப்பார், பழக்கம் இன்னும் விடவில்லையாம்.